எல்.கே.ஜி. சீட்டும் ஐந்து கேள்விகளும்

நான் ஆங்கில இலக்கியம் முடித்த வருடம், அடுத்து என்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்லிக்கொடுக்கக் கல்லூரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மதுரையிலிருந்து வந்தவர் அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல், வேர்க்க விறுவிறுக்கத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், விமானப் பணியாளர், தூதரக அதிகாரி. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் தூதரகத்துக்கு அடியில் இரண்டு கோடு போட்டான். அவன் இப்போது காரியாபட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். எங்கள் வகுப்பிலேயே நன்றாக இருப்பவன் அவன்தான்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் அந்தப் பட்டியலில் இல்லாத வேலைகளெல்லாம் என்னைத் தேடி வந்தன. மிளகாய்ச் செடிக்கு வாங்கிய பூச்சிமருந்து டப்பாவை நீட்டி, எத்தனை மூடி ஊற்ற வேண்டும் என்று கேட்பார்கள். டப்பாவில் ஹெக்டேர் கணக்கு இருக்கும், மூடிக் கணக்கு இருக்காது. "அஞ்சு வருசம் காலேசுல என்னத்தலே படிச்ச?" என்று ஒரு மாமா எல்லார் முன்னாலும் கேட்டார். அதை நானும் அடிக்கடி என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, வெளிநாட்டுக்காரன் வருவான், அவனோடு பேச ஆள் வேண்டும் என்று அப்பா நம்பிக்கையாக இருந்தார். வெளிநாட்டுக்காரன் வரும்வரை சாப்பிட வேண்டுமே. அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தேன்.

பள்ளியின் தாளாளர் அதற்கு முன் ஹாலோ பிளாக் கல் அறுத்து விற்றவர். கெட்டிக்காரர். எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குழந்தையை ஒன்றும் கேட்க மாட்டார். அம்மாவைத்தான் கேட்பார், அதுவும் இங்கிலீஷில். "வீட்ல தாயி இங்கிலீசு பேசுனாத்தான பிள்ளைக்கு வரும்" என்பது அவர் கட்சி. பாதி வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசிக்கொண்டு, தெருவுக்கு வந்தால் தமிழுக்கு மாறுகிற ஊர் இது. மூன்றாவதாக இதையும் சேர்த்துவிட்டார். மற்ற பள்ளிகளில் கேள்வி கிடையாது என்பதாலேயே ஜனம் இங்கே வந்து மொய்த்தது.

நான் சேர்ந்த முதல் வாரமே கூப்பிட்டு, ஐந்து கேள்வி எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். உங்கள் பெயர் என்ன, கணவர் என்ன செய்கிறார், குழந்தை சேட்டை செய்தால் என்ன செய்வீர்கள், காலையில் என்ன சாப்பாடு கொடுப்பீர்கள், குழந்தை என்னவாக வேண்டும். வாங்கிப் பார்த்துவிட்டு, "கேள்வி இருந்தாப் போதுமா? அவுக சொல்றது சரியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பதிலையும் எழுதுங்க" என்றார். அதையும் இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாக எழுதினேன்.

கேள்வி எழுதியவன் நான் என்பது எப்படியோ வெளியே தெரிந்தது. பக்கத்துப் பாளையம்பட்டியில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்கு அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். கல்லூரிக் கூட்டத்தில் சொல்லாமல் விட்ட தொழில் இப்படித்தான் எனக்கு அமைந்தது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், சாயங்காலம் அம்மாக்களுக்குப் பயிற்சி. தாளாளருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வருடம் அருப்புக்கோட்டையில் எல்லாக் கணவர்மார்களும் பிசினஸ் செய்தார்கள். எல்லாக் குழந்தைகளும் காலையில் இரண்டு இட்லியும் ஓர் அவித்த முட்டையும் சாப்பிட்டு, பிற்காலத்தில் கலெக்டர் ஆகவிருந்தன.

அப்படி வந்தவர்களில் தறிக்காரக் குடும்பத்து அக்கா ஒருவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். வீட்டில் தெலுங்கு. போன வருடமே மகளுக்கு சீட்டு கேட்டுப் போய், பெயரைக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டு, திருப்பி அனுப்பப்பட்டவர். "இந்த வருசமும் போச்சுன்னா வயசு தாண்டிரும் சார். ஒன்னாலதான் பிள்ளைக்குப் படிப்பு போச்சுன்னு மாமியார் தெனமும் சொல்லிக் காட்டுறாக" என்று முதல் நாளே சொன்னார். கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் பதில்களைப் படி எடுத்த ஒரே ஒரு தாள், என்னைப் பார்த்தபடி. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் ஊரெல்லாம் சுற்றி என் பிழைப்பில் மண் விழும் என்று யாருக்கும் தாள் கொடுப்பதில்லை. நான் விரல் வைத்து வாசிப்பேன், அவர் திருப்பிச் சொல்வார். கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சின்ன இளக்காரமும் இருந்தது. மறைப்பானேன்.

தேர்வு நாளன்று தாளாளர் அறையில், ஓரத்து நாற்காலியில், ஆங்கிலத்துக்குப் பொறுப்பு என்று நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவை முன்பின் பார்த்திராத முகத்தோடு பார்த்தேன். இடது கையில் கேள்வித்தாள், மேஜைமேல் பதில்தாள், வலது கையில் சிவப்புப் பேனா என்று தாளாளர் தயாராக இருந்தார். பெயரைக் கேட்டார். அக்கா பிசகாமல் சொன்னார். தாளாளர் முதல் பதிலுக்கு டிக் போட்டு, பேனாவை இரண்டாவது பதிலில் வைத்தார். அப்போது அவர் போன் அடித்தது. ஏதோ சிமெண்டு லோடு விவகாரம். சத்தம் போட்டு முடித்துவிட்டு மறுபடி கேள்வித்தாளை எடுத்தவர், இரண்டாவது கேள்வியை விட்டு மூன்றாவதற்குப் போய்விட்டார்.

குழந்தை சேட்டை செய்தால் என்ன செய்வீர்கள்?

அக்கா சொல்ல வாயெடுத்து, மேஜையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "மை ஹஸ்பண்ட் இஸ் டூயிங் பிசினஸ், சார்" என்றார்.

தாளாளர் டிக் போட்டார்.

காலையில் என்ன சாப்பாடு கொடுப்பீர்கள்?

"ஐ வில் கரெக்ட் ஹெர் வித் லவ், சார்."

டிக். பதில்கள் ஒரு கேள்வி தள்ளிப் போய்க்கொண்டிருந்தன.

உங்கள் குழந்தை என்னவாக வேண்டும்?

"டூ இட்லீஸ் அண்ட் ஒன் பாயில்டு எக், சார்."

"வெரி குட்" என்றார் தாளாளர். கேள்விகள் தீர்ந்துவிட்டன, ஆனால் பேனா ஐந்தாவது பதிலின்மேல் காத்துக்கொண்டு நின்றது. அவர் கேள்வித்தாளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அதற்குள் அக்கா தானாகவே, "ஷீ வில் பிகம் எ கலெக்டர், சார்" என்றார். டிக் விழுந்தது. ஐந்துக்கு ஐந்து. சீட்டு கொடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் டீ குடிக்கிற சாக்கில் வெளியே போனேன். பஸ் ஸ்டாப்பில் அக்கா மகளோடு நின்றிருந்தார்.

"சரியாச் சொன்னேனா சார்?"

"சீட்டு கெடச்சிருச்சேக்கா, அப்புறமென்ன?"

"அவுக ரெண்டாவது கேள்விய விட்டுட்டாக சார். நீங்க கவனிச்சீகளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் சொன்னீகளா?"

"சேட்டைக்குப் பதிலு சொல்லத்தான் வாயெடுத்தேன். பாத்தா அவுக பேனா பிசினஸ் வரியில நிக்கிது. நான் வேற சொன்னாத் தப்புன்னு போட்டு, போன வருசம் மாதிரித் திருப்பி அனுப்பிருவாக. அதான் பேனா நின்ன வரியப் படிச்சேன்."

"படிச்சீகளா? தாளு அவரப் பாத்துல்ல இருந்துச்சு?"

"நீங்களும் மூணு வாரமா அப்பிடித்தான சார் வச்சிருந்தீக. எனக்கு நேரா வச்சாத்தான் படிக்க வராது."

பெருமையாக இருந்தது. ஐந்து வருடம் படித்த படிப்பு முதல்முறையாக ஒருவருக்கு உபயோகப்பட்டிருக்கிறது என்று தோன்றியது. பாராட்டாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் சார். நீங்க அங்கதான உக்காந்திருந்தீக. அவுக மாத்திக் கேக்குறாகன்னு நீங்க ஏன் சொல்லல?"

மரியாதை, சந்தர்ப்பம், சபை நாகரிகம் என்று நான்கைந்து காரணம் மனதில் வந்தது. எல்லாமே நல்ல இங்கிலீஷில் வந்தது. கடைசியில், "வேலை போயிரும்னு பயம்க்கா" என்றேன்.

"அப்பச் சரி. எனக்கும் பயந்தான்" என்றார். கோபமெல்லாம் இல்லை. மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, "நாளைக்கு இவளுக்கு நீங்கதான சார் பாடம் எடுப்பீக. இவ தப்பாச் சொன்னா, தப்புன்னு சொல்லிருவீகள்ல?" என்று கேட்டார்.

சொல்லுவேன் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. ஆனால் இரண்டு வருடம் அலைந்து வாங்கிய சீட்டு, அதை விட்டுவிடவும் முடியாது. மகளைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் போனார்.