யாரும் படுக்காத மெத்தை

அந்த மனுஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் மெத்தைக் கடையிலும் சரி, குடியிருந்த தெருவிலும் சரி, எல்லோருக்கும் அவர் 'கறை'தான். முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்வது அவர் காதிலும் விழும். விழுந்தால் என்ன? பட்டம் கொடுத்த மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

பேர் வந்தது தொழிலால். கடையில் வாங்கிய மெத்தை குழி விழுந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று யாராவது புகார் சொன்னால், பார்த்து வர முதலாளி அவரைத்தான் அனுப்புவார். பார்த்து வர என்பது பேச்சுக்கு. மாற்றிக் கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் கொண்டு வா என்பதுதான் அர்த்தம். கறை பட்ட மெத்தைக்கு வாரண்டி கிடையாது என்பது கடைச் சட்டம். இவர் போய் விரிப்பை உருவி, டார்ச் அடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடுவார். கடுகளவு டீத்துளி போதும். டார்ச்சை அணைத்துவிட்டு, பெரிய நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்: "மெத்தை மேல தப்பில்லங்க. படுத்தவங்க மேலதான் தப்பு."

கைக்குழந்தைக்காரியிடமும் இதையே சொன்னார். கால் முறிந்து மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தவரிடமும் இதையே சொன்னார். சொன்னதோடு விட்டாரா? வீட்டுக்கு வந்து கை கழுவும்போது அதை ஒரு தடவை நடித்தும் காட்டுவார். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப் போயிற்று.

மனைவி ஒரு தங்கும் விடுதியில் இஸ்திரி போடுகிறவர். காலையில் நின்றால் சாயங்காலம்வரை நிற்க வேண்டும். ஊர் பேர் தெரியாதவர்கள் படுக்கிற விரிப்புகளையெல்லாம் சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தரையில் படுப்பார். ஒருநாள் கூடையைத் தூக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னும் தரையில படுத்தீங்கன்னா இந்த வேலையை நீங்க மறந்துட வேண்டியதுதான். நல்ல மெத்தையா வாங்கிப் படுங்கம்மா."

கூடுதல் நேரம் வேலை பார்த்துச் சேர்த்து அவரே மெத்தை வாங்கினார். வேறெங்கே, கணவர் வேலை பார்க்கிற கடையில்தான். வேறு கடையில் வாங்க விட்டுவிடுவாரா அந்த மனுஷன்? உள்ளே இருப்பது தெரியாத தடித்த பிளாஸ்டிக் உறையோடு மெத்தை வந்து இறங்கியது. மனைவி ஆசையாகக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஏய், ஏய்! கீழ வை அதை!" என்று பதறிக்கொண்டு ஓடிவந்தார் கறை. "உறையைப் பிரிச்சா மறுநாளே அது பழசு. அப்படியே இருக்கட்டும். காலத்துக்கும் உழைக்கும்."

"பிளாஸ்டிக் மேல எப்படிங்க படுக்கிறது?"

"விரிப்பைப் போட்டுக்க. நான் எத்தனை வீட்டுல பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எத்தனையோ வீட்டில் பார்த்தார், வாஸ்தவம். பார்த்ததெல்லாம் கறையை மட்டும்தானே. அடுத்தவன் மெத்தையில் கடுகு தெரிகிற கண்ணுக்குத் தன் முதுகு தெரியுமா?

அன்றிலிருந்து அந்த வீட்டில் மெத்தை ராஜ்யம். ஓரத்தில் உட்காராதே, குழி விழும். ஈரத் தலையோடு படுக்காதே. கால் கழுவாமல் ஏறாதே. டீயோடு அறைக்குள்ளேயே வராதே. மாசம் பிறந்தால் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்ப வேண்டும். அதற்கு ஒரு பக்கம் அவர் பிடிப்பார், மறுபக்கம் இடுப்பு போன அந்த அம்மாள் பிடிக்க வேண்டும். இடுப்புக்காக வாங்கின மெத்தையைத் தூக்கித் தூக்கியே இடுப்பு ஒடிந்தது. வாரம் தவறாமல் ஈரத்துணியால் உறையைப் பளபளவென்று துடைப்பார். மனைவியின் நெற்றியை ஒருநாள் அப்படித் துடைத்துவிட்டிருப்பாரா?

படுத்தால் பிளாஸ்டிக் சரசரக்கும். வியர்வை முதுகில் ஊறும். புரண்டால் விரிப்பு வழுக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மாள், தலையணையை எடுத்துக்கொண்டு மறுபடியும் தரைக்கே வந்தார். கறைக்கு அதில் வருத்தமில்லை. சந்தோஷம்! "படுக்காம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்," என்று தன் தலையணையையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து படுத்தார். கட்டில் மேல் மெத்தை வீட்டுக்காரர் மாதிரி நீட்டி நிமிர்ந்து கிடந்தது. குடித்தனக்காரர்கள் மாதிரி இவர்கள் இருவரும் கீழே. நாய்க்குக் கிடைத்த முழுத் தேங்காய் என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்த அறைக்குப் போயிருக்கலாம்.

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். "பாருங்க, இன்னிக்கு வந்த மாதிரி இல்ல?"

மனைவியின் தங்கை ஒருத்தி, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அவள் அக்காளிடம் கேட்டாள்: "ஏன்க்கா, நீ மெத்தை வாங்கினியா, மாமியாரை வாங்கினியா?"

அக்காளால் சிரிக்கக்கூட முடியவில்லை. சிரித்தால் இடுப்பில் சுரீரென்றது. அந்த வாரம் விடுதியில் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து, மேற்பார்வை பார்க்கிற அம்மாள், "இப்படியே போனா உன்னை எப்படிம்மா வெச்சிக்கிறது?" என்று கேட்டுவிட்டார். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வேலை போனால் கையேந்திக்கொண்டு யாரிடம் நிற்பது? இந்த மனுஷனிடமா?

மறுநாள் கறை கடைக்குப் போனதும் தங்கையைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகக் கத்தரிக்கோலை வைத்து உறையை நீளவாக்கில் கிழித்தார்கள்.

குப்பென்று ஒரு நாற்றம். மெத்தையின் மேலெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். ஒரு மூலையில் உறை முன்னமே கிழிந்திருந்தது. வாராவாரம் துடைத்த தண்ணீரெல்லாம் அது வழியாக உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் ஊறி ஊறி, அழுத்தினால் கை சொதசொதவென்று அமுங்கியது.

"அடக் கடவுளே!" என்று தங்கை மூக்கைப் பொத்தினாள்.

அக்காள் தரையில் உட்கார்ந்து அழுதார். மெத்தைக்காக இல்லை, நின்று நின்று உழைத்த நேரத்துக்காக அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போன் போட்டார். "மெத்தை கெட்டுப்போச்சுங்க. ஆளனுப்பிப் பாருங்க."

விலாசத்தைக் கேட்ட முதலாளிக்கு ஒரே சிரிப்பு. "போய்யா, முறைப்படி பார்த்துட்டு வா," என்று கறையையே அனுப்பினார். துணைக்கு ஒரு விற்பனையாளரையும் அனுப்பினார், வேடிக்கை பார்த்து வந்து சொல்ல.

வாசலில் மனைவி நின்றார். "வாங்க சார். மெத்தை உள்ள இருக்கு."

கறை உள்ளே போனார். டார்ச் அடிக்கத் தேவையே இல்லை. முகத்தில் ஈயாடவில்லை. விற்பனையாளர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க சார்," என்றார் மனைவி. "யார் மேல தப்பு?"

பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது. "மெத்தை மேல தப்பில்ல. படுத்தவங்க மேலதான்..."

"யார் படுத்தா?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கறையிடம் யாரும் கேட்டதில்லை.

"வெயில்ல போட்டா சரியாயிடும்," என்று முனகினார்.

"நல்லாப் போடுங்க. வெயில்ல இல்ல, குப்பையில. நீங்களே தூக்கிட்டுப் போய்ப் போடுங்க. எனக்கு இடுப்பு வலி."

அவரே தூக்கினார். ஊறின மெத்தை கல்லாய்க் கனத்தது. விற்பனையாளர் ஒரு பக்கம் பிடிக்கப் போனபோது தங்கை, "நீங்க விடுங்கண்ணே, மாமாவுக்குப் பழக்கம்," என்றாள். தெருக்கோடிக் குப்பைத்தொட்டிவரை அதைத் தள்ளியும் இழுத்தும் போனார். தெருவே பார்த்தது.

விடுதியில் அறைகளுக்குப் புது மெத்தை போட்டபோது, கழித்த பழசில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார் மனைவி. எத்தனையோ பேர் படுத்தது, குதித்தது, சிந்தியது. ஆனால் தினமும் விரிப்பு மாறி, ஜன்னல் திறந்து காற்று பட்டுக்கொண்டே இருந்தது. குழியும் இல்லை, நாற்றமும் இல்லை. நட்டநடுவில் மட்டும் தட்டு அகலத்துக்கு ஒரு பழைய டீக்கறை.

"ஐயையோ, கறை!" என்று அலறினார் கறை.

"இருக்கட்டும்."

மனைவி அப்போதுதான் குளித்திருந்தார். ஈரத் தலையோடு, டீயைக் குடித்து முடித்து, கறைக்கு மேலேயே இடுப்பை வைத்து மெல்ல நீட்டிப் படுத்தார். எலும்பெல்லாம் இறங்கி உட்கார்ந்த மாதிரி ஒரு பெருமூச்சு. கறை தயங்கித் தயங்கி வந்து, கால்மாட்டில் உட்காரப் போனார்.

"ஓரத்துல உட்காராதீங்க," என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமலே. "குழி விழுந்துடும்."