நோன்பு திறக்க ஒரு வெடி

எங்கள் கல்லூரி விடுதி ஆமத்தூர்ப் பக்கம். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். என் அறைத்தோழிக்குக் கீழக்கரை. அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின மாதம் ரமலான் பிறந்ததும் அவளுக்கு ஒரே கவலை. ஏழாம் வகுப்பிலிருந்து வைக்கவேண்டிய ஒரு நோன்பைக்கூட விட்டதில்லையாம், விடுதிக்கு வந்து விட்டுவிடுவோமோ என்று. வார்டனம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், மெதுவாகப் பேசவே தெரியாதவர். "நீ பாட்டுக்கு நோன்பு வையி தாயி, நான் இருக்கேன்ல" என்று சொல்லி, விடியுமுன் அவளுக்குச் சோறு கிடைக்க ஏற்பாடு செய்தார்.

முதல் நாள் சாயங்காலம் மெஸ்ஸில் கஞ்சியோடு உட்கார்ந்து கதையளந்துகொண்டிருந்தோம். திடீரென்று அவள் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டாள். சன்னலில் இன்னும் வெயில் அடித்தது.

"ஏய், அதுக்குள்ள தின்னுட்ட?" என்றேன்.

"வெடி போட்டாங்கல்ல?"

"எந்த வெடி?"

அவள் ஊரில் நேரமானதும் பள்ளிவாசலில் வெடி போடுவார்களாம், அதைக் கேட்டுத்தான் நோன்பு திறப்பார்களாம். இங்கே போட்டது எதிரே இருக்கும் கம்பெனிக்காரன், சாம்பிள் வெடித்துப் பார்க்க. இன்னொரு பட்டாசு ஊரான எம். புதுப்பட்டியில் பிறந்த எனக்கு அது காதிலேயே விழவில்லை. மெஸ்ஸில் ஒருத்திக்கும் விழவில்லை. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் அழுதாள். பாவமாகப் போய்விட்டது.

வார்டனம்மா அவள் வாப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். தெரியாமல் தின்றது குற்றமில்லை, பெருநாள் கழித்து ஒரு நோன்பு வைத்து அதை ஈடுகட்டிவிடு என்றாராம் வாப்பா. வார்டனம்மா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "இங்கன வெடிய நம்புனா உனக்கு மத்தியானமே நோன்பு முடிஞ்சுரும்."

தீபாவளியும் பெருநாளும் போயின. அந்த ஒரு நோன்பை அவள் வைத்த நாளில் துணைக்கு நானும் வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, மத்தியானமே கண் இருட்டிவிட்டது.

சீசன் முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்ததால் சாயங்காலம் ஒரு சத்தமும் இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "வெடி இல்லாம என்னமோ மாதிரி இருக்கு. வீட்டு ஞாபகமா வருது" என்றாள்.

எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வார்டனம்மா எழுந்து போனார். தீபாவளிக்கு முன் எங்களிடம் பிடுங்கிவைத்த பட்டாசிலிருந்து ஒரு வெடியை எடுத்து வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முற்றத்தில் ஊதுபத்தியோடு குனிந்தார். "மணி பாத்துச் சொல்லு தாயி."

அவள் சொன்னாள். வெடித்தது. பிறந்ததிலிருந்து வெடிச் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு அன்றுதான் ஒரு வெடி காதில் விழுந்தது. அவள் மறுபடியும் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பழத்தைக் கடித்தாள்.