கஞ்சாச் சட்டமும் கடைசிப் பத்தியும்

எண்பத்தைந்தில் கஞ்சாவுக்கு எதிரான புதிய மத்தியச் சட்டம் வந்தபோது நான் ஒரு நாளிதழின் புதுச்சேரி அலுவலகத்தில் உதவி ஆசிரியர். செய்தியை எழுதியவனும் நானே. சிறைத் தண்டனையைத் தலைப்பில் வைத்தேன். அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. வழக்கப்படி அடியிலிருந்து வெட்டினேன். போனது கடைசிப் பத்தி. சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருந்தால் தண்டனை குறைவு, அடிமையானவரைக் கோர்ட் சிகிச்சைக்கும் அனுப்பலாம் என்று அதில் இருந்தது.

நான் குடியிருந்த உப்பளம் பகுதியில் என் எதிர்வீட்டுக்காரர் பஞ்சாலைத் தொழிலாளி. ஷிப்டு முடிந்ததும் கஞ்சா பிடிப்பார். தெருவுக்கே தெரியும், யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. சில மாதங்களாக அவருக்கு விடாத இருமல். புகைப் பழக்கம் இல்லை என்று மில் டாக்டரிடம் சொல்லியிருந்தார். டாக்டரும் பஞ்சுத் தூசிக்கே மருந்து கொடுத்துவந்தார்.

ஒரு ஞாயிறு, குழாயடியில் இருமி இருமி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லக் கூடாதாண்ணே?" என்றேன்.

"சொன்னா எழுதிக்குவாரு. அப்பறம் போலீசு வரும். ஜெயிலுன்னு பேப்பர்லயே போட்டுட்டானே, நீ படிக்கல?"

அவர் மனைவி குடத்தை இறக்கினார். "போட்டதே இந்தத் தம்பிதான். அவரையே படிக்கலியான்னு கேக்குது பாரு. புகைச்சுப் புகைச்சு மறதிதான் வளந்திருக்கு."

வெட்டிய பத்தியில் இருந்ததை அவரிடம் சொன்னேன்.

"அதை ஏன் போடல?"

"இடம் இல்லண்ணே."

"அந்த இடத்துல இன்னா போட்ட?"

"புடவைக்கடை விளம்பரம்."

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனோம். கஞ்சா என்ற சொல் வந்ததும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். எத்தனை வருஷம், நாளைக்கு எத்தனை தடவை, மறதி உண்டா. பிறகு சொன்னார்: "தூசியும் புகையும் ஒரே நெஞ்சுக்குள்ளதான் போவுது. இத்தனை நாளா பாதி நோய்க்குத்தான் மருந்து குடுத்திருக்கேன். தூசியை நான் நிறுத்தறேன், புகையை நீங்க நிறுத்துங்க."

பேனாவைத் திறந்து, துணி மடிக்கும் பிரிவுக்கு அவரை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

விட்டுப்போன பத்தியை அந்த வாரமே போட்டேன். உள்பக்கத்தில் நான்கு வரி. படித்ததாக யாரும் சொல்லவில்லை. எதிர்வீட்டு இருமல் மூன்று மாதத்தில் பாதியானது. தூசி குறைந்ததாலா, புகை குறைந்ததாலா என்று அவரைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? புகை இன்னும் முழுசா நிக்கல. டாக்டர்கிட்ட அதையும் சொல்லிட்டேன். நீ பேப்பர்ல போட்டுடாத."