மலைக்குள் திரும்பிய எஞ்சின்

என் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. வராதவர்கள் சொல்லக் கூடாது. அவர் சொன்னார். அதன் பலனை ஒரு நவராத்திரி சாயங்காலம் முழுக்க, கொலுப்படிக்கு அடியில் குந்திக்கொண்டு நான் அனுபவித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. தாத்தா கட்டியது. மாடி கிடையாது, ஹால் மட்டும் பெரியது. வீடு அப்பா பெயரிலும் பெரியப்பா பெயரிலும் பாதிப் பாதி. பெரியப்பா அமெரிக்காவில் இருந்தார். எங்கள் தெருவில் வீடுகளை வரிசையாக இடித்து அடுக்குமாடி ஆக்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு பில்டர் எங்கள் வீட்டையும் கேட்டான். கொடுத்துவிடலாம் என்றார் பெரியப்பா. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பிறந்த வீடு, வளர்ந்த வீடு என்று போனில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. எடுபட்டது ஒன்றே ஒன்றுதான். அது பொய்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ரயில் பைத்தியம். கொலுவுக்குப் பூங்கா வைக்கும்போது அப்பா படியைச் சுற்றி ஒரு குட்டி ரயில் விடுவார். தண்டவாளம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களோடு கிடைத்தது. குட்டி எஞ்சினுக்குத் தகுந்த குட்டி வளைவு. அந்த ரயிலைப் போட்டோவில் பார்த்து உருகிப்போன பெரியப்பா ஒரு எஞ்சினை அனுப்பினார். அந்த ஊர் மலைகளில் சரக்கு இழுத்த நீராவி எஞ்சினின் மாதிரி. ஒன்றரை அடிக்கு மேல் நீளம், பதினாறு பெரிய சக்கரம். தூக்க இரண்டு கை வேண்டும்.

நேர்ப்பாதையில் அது ராஜா மாதிரிப் போனது. வளைவு வந்ததும் உடம்பு திரும்பவில்லை. மூக்கு வெளியே நீட்டிக்கொண்டே போய்ச் செட்டியார் பொம்மையைக் கடையோடு தள்ளியது. பிறகு சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறித் தானும் கவிழ்ந்தது. மூன்று தடவை விட்டுப் பார்த்தார் அப்பா, மூன்று தடவையும் அதே கதை. செட்டியாரின் கழுத்தை ஒட்டிவிட்டு, எஞ்சினைப் பெட்டிக்குள் போட்டு பீரோ மேல் வைத்தார். பெரியப்பாவுக்கு, சூப்பராக ஓடுகிறது என்று எழுதினார். அடுத்த வருஷமும் அதையே எழுதினார். வீட்டை விற்கும் பேச்சு வந்தபோது அதையே பிடித்துக்கொண்டார்.

"நீ அனுப்பிச்ச எஞ்சின் இந்த ஹால்லதாண்ணா ஓடுது. ஃப்ளாட்ல எங்க விடறது?"

 வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் பெரியப்பா. தீபாவளிக்கு வருவதாகத்தான் பேச்சு. நவராத்திரி மூன்றாம் நாள் போன் வந்தது. லீவு முன்னாலேயே கிடைத்துவிட்டதாம், நாளை மறுநாள் வருகிறாராம்.

அப்பா அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தார். படிக்கு முன்னால் ஹால் காலியாக இருந்தது. அங்கே தண்டவாளத்தை எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் வளைக்கலாம். பின்னால்தான் வில்லங்கம். படிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான். பின்பக்க மூலைகள் இரண்டிலும் வளைவு இறுக்கமாகத்தான் வரும். படியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தால் தீர்ந்தது.

"கலசம் வச்சாச்சுங்க. கடைசி நாள் ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கிற வரைக்கும் படி அசையக் கூடாது" என்றாள் அம்மா.

"ஒரு முழம்தான்டி."

"ஒரு இன்ச் கூடாது. உங்க அண்ணன் வந்தாலும் சரி, ஜனாதிபதி வந்தாலும் சரி."

அப்பா தண்டவாளத்தின் வெளிப்பக்கத்துக்கு அட்டை வைத்து உயர்த்தினார். எஞ்சின் கவிழ்ந்தது. எண்ணெய் போட்டார். இன்னும் சுலபமாகக் கவிழ்ந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

இரும்புச் சட்டத்தில் பலகை போட்ட படி எங்களுடையது. மேலே வெள்ளை வேட்டி விரித்திருக்கும், அடியில் வெற்றிடம். அப்பா பழுப்புக் காகிதத்தைக் கசக்கி, படிக்கு இரண்டு பக்கமும் மலை செய்தார். ஒவ்வொரு மலையிலும் ஒரு குகை வைத்தார். எஞ்சின் இடது குகைக்குள் போகும், வலது குகையிலிருந்து வெளியே வரும். நடுவே, படிக்கு அடியில் நான். என் வேலை இதுதான்: உள்ளே வரும் எஞ்சினை வளைவுக்கு முன்னாலேயே தூக்க வேண்டும். மடியில் வைத்துத் திருப்பி, அந்தப் பக்கம் நகர்ந்து, பத்து எண்ணிவிட்டு, முகம் முன்னால் பார்க்கிற மாதிரி தண்டவாளத்தில் வைக்க வேண்டும். வைத்தவுடன் அதுவே கிளம்பிவிடும். டார்ச் கூடாது, வேட்டிக்கு வெளியே தெரியும். தும்மக் கூடாது.

"வீடே உன் கையிலதான் இருக்கு" என்றார் அப்பா. ஒன்பது வயதுப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது?

பெரியப்பா வந்தார். வேட்டியின் விளிம்புக்குக் கீழே அவருடைய பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. வெள்ளை சாக்ஸ்.

"எங்கடா பொண்ணு?"

"பாட்டு கிளாஸ் போயிருக்காண்ணா."

நான் எந்தப் பாட்டு கிளாஸும் போனதில்லை.

முதல் சுற்று நன்றாகவே போனது. வெளியே கைதட்டல். இரண்டாவது சுற்றில் வெள்ளை சாக்ஸ் நடந்து வந்து, படியின் ஓரத்தில், சுவர் பக்கமாகக் கொஞ்ச நேரம் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சாக்ஸ் திரும்பிப் போனது. ஓரத்துப் பொம்மையைப் பார்க்க வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"இன்னொரு ரவுண்டு விடுடா."

மூன்றாவது சுற்று. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள், பாடினார்கள், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். வாசனை உள்ளே வந்தது, சுண்டல் வரவில்லை. கால் மரத்துப்போனது. எஞ்சின் சூடாகியிருந்தது. எண்ணெய் முழங்கை வரை வழிந்தது.

ஒன்பதாவது சுற்றில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எஞ்சினைத் தூக்கினேன், திருப்பாமல் அப்படியே அந்தப் பக்கம் வைத்தேன். மறந்தேன் என்றுதான் அப்பாவிடம் சொன்னேன். மறக்கவில்லை. அந்த மாதிரி எஞ்சினுக்கு முகம் எந்தப் பக்கம் என்பதில் அக்கறை கிடையாது. தண்டவாளத்தில் மின்சாரம் எந்தப் பக்கம் போகச் சொல்கிறதோ அந்தப் பக்கம் போகும். குகைக்குள் முன்னால் பார்த்துப் போன எஞ்சின், வெளியே பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்தது.



"என்னடா இது? மலைக்குள்ள யூ டர்ன் அடிக்குது?" என்றது பெரியப்பாவின் குரல்.

அப்பாவின் பாதங்கள் மலைப் பக்கம் நகர்ந்தன.

"உள்ள எஞ்சினைத் திருப்பற டர்ன்டேபிள் போட்டிருக்கியா?"

"ஆமாண்ணா."

"ஓ! ம்... இன்னொரு ரவுண்டு விடு."

அதன் பிறகும் இரண்டு சுற்று ஓடியது. பதினோராவது சுற்று முடிந்ததும் பெரியப்பா சோபாவில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் சத்தம் கேட்டது.

"வீடு இருக்கட்டும்டா. இடிக்க வேணாம்" என்றார்.

அவர் முகம் கழுவப் போனபோது நான் வெளியே வந்து, தெருவில் ஓடி, வாசல் வழியாகத் திரும்ப உள்ளே நுழைந்தேன். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, இரண்டு கையையும் பிடித்து உள்ளங்கையைப் பார்த்தார். மை பூசிய மாதிரி இருந்தன.

"பாட்டு கிளாஸ் நல்லா போச்சா?"

"போச்சு பெரியப்பா."

அவருக்கு மண்டையில் ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன். இவ்வளவு படித்த ஆளை ஏமாற்றிவிட்டோம் என்று பல வருஷம் எனக்குப் பெருமை.

வீடு இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஐந்து மாடி, நடுவில் நாங்கள். போன நவராத்திரிக்குப் பரண் சாமான்களை இறக்கியபோது எஞ்சின் பெட்டியைத் துடைத்தேன். எவ்வளவு அகலமான வளைவு இல்லாமல் ஓடாது என்று பக்கவாட்டில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. கடையில் வாங்கி, பார்சல் கட்டி அனுப்பிய மனுஷன் அதைப் படிக்காமலா இருந்திருப்பார்? அன்று சாக்ஸோடு வந்து பார்த்தது பொம்மையை அல்ல, சுவருக்கும் படிக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தை. ஒவ்வொரு தடவையும் 'இன்னொரு ரவுண்டு' என்று அவர் கேட்டது, தம்பி வாயைத் திறந்து உண்மையைச் சொல்வானா என்று பார்க்கத்தான்.

பெட்டியை எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். "பெரியப்பாவுக்கு அன்னிக்கே தெரியும்பா" என்றேன்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவனுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு எனக்கும் அப்பவே தெரியும்."

"எப்ப?"

"அந்த மூலையில போய் நின்னானே, அப்ப."

"அப்ப ஏன் நிறுத்தலை?"

"அவன் நிறுத்தச் சொல்லலையே."

மூலையில் போய் நின்றது இரண்டாவது சுற்றில். நான் தூக்கியது பதினோரு சுற்று.