பீரங்கிக்காரரின் காது

என் கணவர் ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோதே இடது காது மந்தம். செங்கம் சாலையில் வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் காவலராகச் சேர்ந்தார். வலது காதும் மந்தமான பிறகு, கேட்டுக்கு வெளியே நின்று விருந்தாளிகள் மணியடித்தால்கூட அவருக்குத் தெரிவதில்லை. விடுதிக்காரர் நல்ல மனிதர். "காதப் பாத்துக்கிட்டு அப்பறமா வாங்க" என்றுதான் அனுப்பினார்.

முன்னாள் படைவீரர்களுக்கு அரசு நடத்தும் கிளினிக், எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருந்தது. முன்பெல்லாம் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். வயதானவர்கள் மயங்கி விழுகிறார்கள் என்று புகார் போனதும், வரிசையை ஒழித்துவிட்டு முன்பதிவு முறையைக் கொண்டுவந்தார்கள். நல்ல மாற்றம் என்றுதான் நினைத்தேன். பதிவு செய்தால், போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் அங்கிருந்து போன் வரும். படைவீரர் மருத்துவக் கார்டுக்கு உரியவரே பேசி, வருவதாக உறுதி சொல்ல வேண்டும்.

போன் வந்தது. இளம்பெண்ணின் குரல்.

"சார்கிட்ட குடுங்கம்மா."

"அவருக்குக் காது கேக்காதும்மா. அதுக்குத்தான் டாக்டரப் பாக்க வர்றோம்."

"புரியுதுங்க. ஆனா கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும்னு ரூலுங்க."

போனை அவரிடம் கொடுத்தேன். "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்துவிட்டு, "லைன் கட்டாயிடுச்சு" என்று வைத்துவிட்டார். பதிவு ரத்தானது. அடுத்த தடவையும் அதே கதைதான்.

மறுபடி போன் வந்தபோது, அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, "நீங்க யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்று சைகையும் வாயுமாகச் சொன்னேன். அவர் எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு நிமிர்ந்து நின்று, படை எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கும்படி முழங்கினார். போனை நான் வாங்கினேன். மறுமுனையில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அடக்கிக்கொண்டு, "கன்ஃபார்ம் பண்ணிட்டேம்மா" என்றாள்.

கிடைத்த நாள் பௌர்ணமி. எங்கள் ஊரில் கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்கத் தெரியாத மனிதரை, எதிரே வரும் ஜனத்துக்கு நடுவே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை நடந்தேன். கிளினிக்கில் காது டாக்டர் இல்லை. இருந்த டாக்டரம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வரவேற்பில் இருந்தவர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இந்த ஸ்கீம்ல இப்ப பாக்கறதில்லைங்க. நிறுத்தி வெச்சிருக்காங்க."

"மறுபடி எப்பங்க?"

"மேலேர்ந்து சொன்னாதான் எங்களுக்கே தெரியும்."

"இன்னா சொல்றாங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"அப்பறமா வரச் சொல்றாங்க" என்றேன்.

இதையே எத்தனை இடங்களில் அவருக்குச் சொல்லியிருப்பேன்! வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போயிருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

சில மாதங்கள் கழித்து, முன்னாள் படைவீரர்களுக்குக் குறைகேட்புக் கூட்டம் என்று சொன்னார்கள். எனக்குப் போக மனமில்லை. கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலை பயிரிடும் என் கணவரின் பழைய ரெஜிமென்ட் நண்பர், தன் மனைவியோடு வந்து வற்புறுத்தினார். அவருக்கும் காது அதே கதிதான். ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு விஷயத்தை உரக்கப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

கூட்டத்தில் என் கணவர் எழுந்தார். "காது கேக்காதவனுக்கு போன் போட்டா எப்படி சார் பேசறது? காது டாக்டர் ஒருத்தரக் குடுங்க சார், போதும்."

மேடையிலிருந்த அதிகாரி மைக்கில் பொறுமையாகப் பதில் சொன்னார். இவர் விறைப்பாக நின்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதிகாரிக்கும் தெரிந்துவிட்டது. பேச்சை நிறுத்தினார்.

"இங்க காது கேக்காதவங்க எத்தனை பேரு? கை தூக்குங்க" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. முதலில் நான்தான் என் கணவரின் கையைப் பிடித்துத் தூக்கினேன். கீழ்பென்னாத்தூர் அம்மா தன் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். பிறகு பின்வரிசைகளிலும் மனைவிகள் கணவர்களின் கைகளைத் தூக்கத் தொடங்கினார்கள். எதற்கென்று தெரியாமல் அந்த ஆண்கள் திருதிருவென்று விழித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மைக்கை மேசைமேல் வைத்துவிட்டார்.

அதனால் மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தோம். அப்புறம்தான், போனில் வீட்டு ஆள் யார் பேசினாலும் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். மாதத்தில் ஒருநாள் காது டாக்டர் கிளினிக்குக்கே வந்தார். சோதனையும் அங்கேயே நடந்தது. காது மெஷின் கைக்கு வந்தபோது கோடை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

டாக்டர் பொருத்திவிட்டு என்னைப் பேசச் சொன்னார்.

"கேக்குதாங்க?" என்றேன்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன் இப்டி கத்துற?" என்றார்.

டாக்டர் சிரித்தார். எனக்குத்தான் முகம் எரிந்தது. பஸ்ஸில் மெதுவாகப் பேசிப் பார்த்தேன். வரவில்லை. ஒன்று கத்தலாக வந்தது, இல்லையென்றால் வெறும் காற்றாக வந்தது.

விடுதி வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். காது டாக்டர் சில மாதங்கள் வருகிறார், சில மாதங்கள் வருவதில்லை. சாயங்காலமானால் இவர் மெஷினைக் கழற்றி வைத்துவிடுகிறார். "சத்தம் ஜாஸ்தி" என்கிறார். இதற்காகவா அவ்வளவு அலைந்தோம் என்று முதலில் நான் சண்டை போட்டேன். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் யாரிடமும் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்கும் வேண்டியிருக்கிறது.