வற்றிய ஏரியில் தணிகாசலம்

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் காலை வண்டிக்கு நின்றிருந்தபோது, என்னோடு பட்டறையில் வேலை செய்கிறவர் தோளைத் தொட்டுச் சொன்னார்: "உன் தோஸ்து தணிகாசலம் பூட்டான்பா. மஞ்சக்காமாலையாம்." அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. முப்பதைத் தொடாதவன் மஞ்சள் காமாலையில் சாகிற ஊரில்தான் புதிது புதிதாகப் புகைபோக்கிகள் எழுகின்றன. முதலில் கோபம் வந்தது. அடுத்து வந்ததை நம் வாசகர் வட்டத்து நண்பர்களிடம் மறைப்பானேன்? இதிலும் எனக்கு முந்திக்கொண்டானே என்ற எரிச்சல்.

நீங்கள் எல்லோரும் அவனை நேசித்தீர்கள். நான் பொறாமைப்பட்டேன். அவன் பேசினால் கூட்டம் சிரிக்கும். நான் பேசினால் பீடி பற்றவைக்க வெளியே போகும். இதில் என்ன நியாயம்? அவனைவிட நான் அதிகம் படித்தவன்.

தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்துகொண்டிருந்த காலம் அது. மழை பொய்த்து, பழவேற்காடு ஏரி கரையை விட்டு வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. வெடித்த சேற்றின்மேல் உப்புப் படிந்து கண் கூசியது. படகுகள் தரையில் சாய்ந்து கிடந்தன. கான்ட்ராக்டர் ஒருவர் அந்த வெற்றிடத்தில் சவுக்குக் கம்பம் நட்டு, உப்பளம் போட வேலி கட்டியிருந்தார். அதைப் பார்த்து நம் வட்டத்துக்கு எழுத நானும் தணிகாசலமும் வற்றிய கரையோடு வடக்கே நடந்தோம்.

வேலி நின்ற இடம் ஏழுமலை என்ற மீனவரின் பாடு. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று கிராமம் கூடிச் சீட்டுப்போட்டு முறை வைக்கும். அந்த இடத்துக்கும் முறைக்கும் பெயர்தான் பாடு. தண்ணீர் திரும்பினால் முதல் முறை ஏழுமலைக்கு. வேலி நிலைத்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

பொன்னேரிக்காரனான எனக்கு இது தெரியும். தணிகாசலம் திருவள்ளூர்ப் பக்கத்து நெல் வயல் ஆள். கிராமத்தார் கூடியதும் முந்திக்கொண்டு எழுந்து, உருக்கமாகச் சொன்னான்: "இந்தப் பாடு உங்களோட போவட்டும். உங்க புள்ளைங்களுக்கு வரவே கூடாது."

ஏழுமலையின் மனைவி எழுந்தார். "இன்னா நைனா, வேலி போட்டவனே தேவலாம் போலகீதே! அவன் எங்க பாட்டப் புடுங்கினான். நீ புள்ளைங்க பாட்டயும் சேத்துப் புடுங்கறியே!"

நான் அவன் காதில் விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, நான் கஷ்டத்தச் சொன்னேம்மா! எங்க ஊர்ல பாடுன்னா நாங்க படற பாடுதான்!"

சிரிப்பு வெடித்தது. அன்றிலிருந்து அவன் அவர்கள் வீட்டுப் பிள்ளை. 'பாடு தம்பி' என்று பெயரும் வைத்தார்கள். அர்த்தம் தெரிந்த எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

நான் சட்டம் பார்த்து மனு எழுதினேன். பதில் இல்லை. தணிகாசலம் தாலுகா ஆபீசுக்கே போய், "காயிதத்துல ஏரி தெரியாது சார், வந்து நடந்து பாருங்க" என்று அதிகாரியை அழைத்தே வந்துவிட்டான். கான்ட்ராக்டரும் வந்தார்.

"பாருங்க சார், கட்டாந்தரை. லாரியே ஓட்டலாம். இங்க இவனுங்களுக்கு இன்னா வேல?"

தலையாட்டிக்கொண்டே அதிகாரி வேலிக்கு அப்பால் காலை வைத்தார். உப்புப் பொருக்கு உடைந்தது. முழங்கால்வரை கருஞ்சேற்றில் இறங்கினார். ஏழுமலை அவரைத் தூக்கிவிட்டார். ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. அதைச் சேற்றில் துழாவியபடி தணிகாசலம் கேட்டான்: "லாரிய எப்ப சார் ஓட்டலாம்?"

அதிகாரியே சிரித்துவிட்டார். "இது ஏரிதான்யா. கம்பத்தப் புடுங்குங்க."

மழை வந்தது. ஏழுமலை தன் முறையில் வலை போட்டார். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சிரிப்பு என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா? திரும்பி வரும்போதே அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான். "பொறாமதானேடா? படு, பரவால்ல. பாராட்டறவன் பாதி வழில ஊட்டுக்குப் பூடுவான். நீதான் கடைசி வரைக்கும் நடப்ப" என்றான். அதையும் அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சுடுகாட்டுக்கு ஏழுமலை வந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த நடையின் கதையை எனக்கே சொன்னார். "கூட இன்னொருத்தரும் வந்தாரு. மொகம் ஞாபகம் இல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வருசமும் ஏரி வத்திப் போச்சு தம்பி. வடக்கால மறுபடி கம்பம் நட்டுக்கினு கீறானுங்க. இனிமே எங்களுக்கு யாரு வருவா?"

"நான் வர்றேன்."

மேலும் கீழும் பார்த்தார். "நீயா? ரொம்ப தூரம் நடக்கணுமே."

தணிகாசலம் எனக்கு விட்டுப்போனது இந்தப் பொறாமை ஒன்றுதான். குறையாமல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதோடு அந்தக் கரையில் நடக்கப்போகிறேன். அதிகாரியைக் கூட்டி வர என்னால் முடியும். சண்டை போட்டாவது கூட்டி வருவேன். அவரை எப்படிச் சிரிக்க வைப்பது என்றுதான் தெரியவில்லை.