முதுகில் உதித்த சூரியன்

எங்கள் அப்பா மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். சுவரில் எதையாவது எழுதி மாட்டியிருந்தால் போதும். பக்கத்தில் போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முழுதாகப் படித்துவிட்டுத்தான் நகருவார். அது மூலம் பௌத்திரம் விளம்பரமாக இருந்தாலும் சரி. இப்படிப்பட்டவரை மியூசியத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் அம்மாவின் ஆசையில் ஆரம்பித்தது. அம்மா கடலூரிலேயே பிறந்து, கடலூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஊரில் சூரியன் கடலில் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விழும். போன வருடம் இருவரும் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் பிளாட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருநாள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்.

"இந்தப் பக்கம் மேக்கால ஒரு கடல் இருக்காமே. சூரியன் தண்ணிக்குள்ள எறங்கறத ஒரே ஒரு தரம் பாக்கணும்டி. கல்யாணமான புதுசுல கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு உங்கப்பா. இன்னும் கெளம்பிக்கிட்டேதான் இருக்கோம்."

அம்மா வாய் திறந்து எதையும் கேட்கிறவள் இல்லை. நகை கேட்டதில்லை, பட்டுப்புடவை கேட்டதில்லை. கேட்டது சூரியனை. அன்றைக்கே உடுப்பிக்கு மூன்று டிக்கெட் போட்டேன். என் கணவர் புத்திசாலி. ஆபீஸில் வேலை இருக்கிறது என்று வீட்டிலேயே தங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பிய பஸ், பீன்யாவில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. எல்லாரும் சலித்துக்கொண்டார்கள், அப்பாவுக்கு மட்டும் கொண்டாட்டம். ஜன்னல் வழியாக ஒவ்வொரு ஃபேக்டரியின் போர்டாக வாய்விட்டுப் படித்தார். போல்ட் கம்பெனி, நட்டு கம்பெனி, பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்கிற கம்பெனி. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

உடுப்பியில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. லாட்ஜுக்குப் போகலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை.

"நேரா பீச்சுக்குப் போயிடலாம். லேட் பண்ணினா மேல வந்துடும்."

தூக்கக் கலக்கத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆட்டோ பிடித்து மல்பே கடற்கரைக்குப் போய், பைகளை மணலில் வைத்துவிட்டு, மூவரும் கடலைப் பார்த்து வரிசையாக நின்றோம். வானம் வெளுத்தது. அலை தெரிந்தது, படகு தெரிந்தது. சூரியனை மட்டும் காணோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"மேகமூட்டமா இருக்குபோல," என்றார் அப்பா.

"ஏங்க, எனக்கு முதுகு சுடுது," என்றாள் அம்மா.

திரும்பிப் பார்த்தோம். தென்னை மரங்களுக்கு மேல் சூரியன் முழுசாக ஏறி நின்றது. கடல் என்றால் கிழக்கு என்றே பழகிப்போன மூன்று கடலூர்க்காரர்கள், மேற்குக் கடலில் போய் உதயத்துக்குக் காத்திருந்திருக்கிறோம்.

"எறங்கறதப் பாக்கணும்னு சொன்னேன். ஏறுறத நம்மூர்லயே தெனமும் ஓசில பாக்கலாமே," என்றாள் அம்மா.

அப்பா அசரவில்லை. "சாயங்காலம் இருக்குல்ல? அதுவரைக்கும் சும்மா என்னத்துக்கு உக்காந்திருக்கணும்? மியூசியம் பாப்போம்."

பிடித்தது சனி. மத்தியானம் ஒரு நாணயக் காட்சியகத்துக்குள் நுழைந்தோம். ஒவ்வொரு காசுக்கும் கீழே ஒரு சீட்டு, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். அப்பா ஆங்கிலத்தைப் படித்தார். கன்னடம் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அதையும் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காசுக்குப் போனார். அம்மா ஜன்னலோரம் நின்று, எதிர்ச் சுவரில் வெயில் மேலே மேலே ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் சாயுதுங்க."

"தோ, இந்த ராஜா மட்டும்."

இந்த நாட்டில் ராஜாக்களுக்கா பஞ்சம்? நாங்கள் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சோளக் கடை விளக்குகள்தான் எரிந்துகொண்டிருந்தன. ராத்திரி அம்மா பாதி தோசையை அப்படியே வைத்துவிட்டாள். எனக்கு அப்பாமேல் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ராத்திரி பெங்களூர் பஸ். ஆக, அம்மாவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சாயங்காலம். அப்பாவோ, காட்சிக்கு வைத்திருந்த ஒரு பழைய மர வீட்டைப் பார்த்தே தீரவேண்டும் என்றார். சீக்கிரம் வெளியே வந்துவிடுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் டிக்கெட் எடுத்தேன். உள்ளே போனால் கதவுக்கு ஒரு போர்டு, தூணுக்கு ஒரு போர்டு, பூட்டுக்கு ஒன்று, அதன் சாவிக்கு ஒன்று. சத்தியம் சர்க்கரைப் பொங்கல்.

"அப்பா, கெளம்பலாம்."

"இரும்மா. டிக்கெட் எடுத்து வந்திருக்கோம்."

"நேத்தும் இப்படித்தான் சொன்னீங்க!" என்று கத்திவிட்டு, ஆதரவுக்கு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா இல்லை. வாசலுக்கு ஓடினேன். அவள் செருப்பும் இல்லை.

"அம்மா ஆட்டோல ஹோதரு," என்று கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார் காவலாளி. "பீச், பீச் அந்தரு."

'பீச், பீச்' என்று சொல்லி ஆட்டோவில் போயிருக்கிறாள். கடலூரில்கூடத் தனியாக ஆட்டோ ஏறாதவள். இங்கே மொழியும் தெரியாது. அவளுடைய போன் என் பையில் இருந்தது. அப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது. படித்துக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினார். வழியெல்லாம் கடைகள், ஆஸ்பத்திரிகள், கல்யாண மண்டபங்கள். அப்பா ஒரு போர்டையும் படிக்கவில்லை. "காசு வெச்சிருக்காளா? மாத்திர போட்டாளா?" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். திட்டுவதற்காக வாய்வரை வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். எனக்கும் பயம்தான்.

கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்தோம். அம்மா மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பொட்டலத்திலிருந்து மசாலாப் பொரி தின்றுகொண்டிருந்தாள். செருப்பு இரண்டும் மடியில் பத்திரமாக இருந்தன. வானம் சிவந்து கிடந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"சொல்லிட்டு வரக் கூடாதா? உசிரே போயிடுச்சு," என்று மூச்சிரைத்தார் அப்பா.

"ரெண்டு நாளா சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்."

அப்பா அவளருகில் மெல்ல உட்கார்ந்தார். கடலைத் துழாவிப் பார்த்தார். சிவப்பு மட்டும்தான் மிச்சமிருந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

எனக்கு நினைவு தெரிந்து அப்பா ஒரு விஷயத்தை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முயன்றது அதுதான் முதல் தடவை. அம்மா அவசரப்படவில்லை. பொரியை வாயில் போட்டு நிதானமாக மென்று முடித்தாள்.

"ரொம்ப நேரம்லாம் ஆகலீங்க. நீங்க ஒரு போர்டு படிக்கிற நேரந்தான்."